'சேஃப் டு ஹோஸ்ட்' வாங்கியாச்சு, அப்புறமும் ஏன் 'சர்வர் இல்லை'?

கோவை_டெஸ்டர்

வணக்கம். அரசு ப்ராஜெக்ட்களில் டெஸ்டிங் பார்த்தவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பதால் கேட்கிறேன்.

நாங்கள் பன்னிரண்டு பேர் இருக்கிற சின்னக் கம்பெனி. ஒரு துறைக்கு உதவித்தொகை விண்ணப்பப் போர்ட்டல் செய்து கொடுத்தோம். துறையின் பெயர் வேண்டாம், கடைசி பில் இன்னும் பாஸ் ஆகவில்லை. எங்கள் போர்ட்டலுக்குச் சொந்தமாகத் தெரிந்தது ரொம்பக் கொஞ்சம். ஆதார் சரிபார்ப்பு, டிஜிலாக்கர், ஈசைன் என்ற மின்கையொப்பம், பேமென்ட் கேட்வே, எஸ்எம்எஸ், இன்னொரு துறை நடத்தும் குடும்ப விவரச் சேவை என்று ஆறு இடத்தில் கேட்டுத்தான் ஒரு விண்ணப்பத்தை முடிக்கும்.

மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பட்டியலில் உள்ள ஒரு தணிக்கை நிறுவனம் பார்த்தது. மூன்று சுற்று. சொன்ன ஓட்டைகளை எல்லாம் அடைத்தோம். சர்வரில் ஏற்றலாம் என்கிற 'சேஃப் டு ஹோஸ்ட்' சான்றிதழ் வந்தது, துறையே ஓட்டிப் பார்த்து ஏற்கும் யுஏடி கையெழுத்தும் ஆனது, மக்களுக்குத் திறந்தோம், அதாவது கோ-லைவ்.

பதினெட்டாம் நாள் காலை ஒரு போன். "எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கிற பெரியவரை உங்கள் சிஸ்டம் காலமாகிவிட்டார் என்கிறது." அவர் ஒருவர் மட்டுமில்லை, அன்று மதியத்துக்குள் நாற்பது பேருக்கு மேல். எங்கள் கோடில் ஒரு எழுத்து மாறவில்லை. தோண்டிப் பார்த்தால், குடும்ப விவரச் சேவை அதுவரை 'ஆக்டிவ்' என்று முழு வார்த்தை அனுப்பிக்கொண்டிருந்தது. முந்தின இரவு புதுப் பதிப்பு ஏற்றியதிலிருந்து வெறும் 'ஏ' என்று அனுப்புகிறது. எங்கள் கோடு 'ஆக்டிவ்' அல்லாத எல்லாரையும் இறந்தவர் கணக்கில் சேர்த்துவிட்டது.

எங்கள் தப்பும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். தெரியாத மதிப்பு வந்தால் விண்ணப்பத்தை நிறுத்தி வைத்திருக்க வேண்டும். ஆனால் என் கேள்வி வேறு. அன்றைக்கும் சான்றிதழ் செல்லுபடியாகத்தான் இருந்தது. கோப்புகளின் கைரேகை மாதிரியான ஹாஷ்கூட அச்சு அசலாகப் பொருந்தியது. அப்படியானால் அது எதற்குத்தான் சான்று?

---

தணிக்கைத்_தம்பி

நான் அந்தப் பக்கத்து ஆள் அண்ணா. நாலு வருடமாக இந்தச் சான்றிதழ்களுக்கு ரிப்போர்ட் எழுதுகிறேன்.

சான்றிதழை எடுத்து நிதானமாகப் படியுங்கள். அதில் இருக்கும் யூஆர்எல் பெரும்பாலும் ஸ்டேஜிங், அதாவது ஒத்திகைச் சர்வரின் முகவரி. கீழே ஹாஷ். எந்த ஃபோல்டருக்கு எழுதும் அனுமதி, மற்றதெல்லாம் ரீட் ஒன்லி. ஒரு வருடம் அல்லது அடுத்த மாற்றம், எது முந்துகிறதோ அதுவரை. இந்தக் கோப்புகளை இந்தத் தேதியில் பார்த்தோம், நமக்குத் தெரிந்த ஓட்டை எதுவும் அடைக்காமல் விடப்படவில்லை. அவ்வளவுதான் சேதி. ஒழுங்காக வேலை செய்யும் என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

வேலை எப்படி வருகிறது என்று பாருங்கள். எத்தனை டைனமிக் பக்கம், எத்தனை ரோல், எத்தனை ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் கேட்கும் வழி) என்று ஒரு எக்செல் ஷீட். அதை வைத்து இத்தனை ஆள், இத்தனை நாள் என்று விலை. வெளிச் சேவைகள் எல்லாம் 'ஸ்கோப்பில் இல்லை' என்ற ஒரே வரியில் போய்விடும். சோம்பேறித்தனம் இல்லை. அடுத்த துறையின் சர்வர் மேல் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கை வைத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் என் மேலேயே பாயும்.

என் வேலைக்கு உள்ளேயே நழுவுகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓவாஸ்ப் என்ற மென்பொருள் பாதுகாப்பு அமைப்பு வெளியிடும் ஏபிஐ பாதுகாப்புப் பட்டியலில் 2019, 2023 இரண்டு முறையும் முதலிடம் ஒரே குறைக்குத்தான். முறையாக லாகின் செய்தவர் விண்ணப்ப எண்ணின் கடைசி இலக்கத்தை மாற்றிப் போட்டால் பக்கத்து வீட்டுக்காரரின் விண்ணப்பம் திறந்துகொள்ளும். ஸ்கேனர் மென்பொருளுக்கு இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் பதில் அழகாக 200, அதாவது 'எல்லாம் சரி' என்று வரும். இரண்டு பேர் பெயரில் லாகின் செய்து, ஒருவர் எண்ணை இன்னொருவர் கையால் கேட்டுப் பார்க்க வேண்டும். சேவைகளாகப் பிரித்துக் கட்டிய அமைப்பில் இது இன்னும் மோசம். வாசல் போர்ட்டல் ஆளைச் சரிபார்க்கும். பின்னால் இருக்கும் சேவை, போர்ட்டலிலிருந்து வருகிறதா, வா என்று விட்டுவிடும். வாசலில் வாட்ச்மேன் இருக்கிறார் என்று உள்ளே எந்த அறைக்கும் பூட்டுப் போடாத வீடு மாதிரி.

---

நச்சுன்னு_நாலு_வரி

இதற்கு ஏன் இவ்வளவு பெரிய இழை? சேவைகளைச் சேர்த்து ஓட்டும் இன்டக்ரேஷன் டெஸ்ட் ஒழுங்காக எழுதியிருந்தால் முடிந்தது.

---

கோவை_டெஸ்டர்

எழுதினோம் சார், 140 கேஸ். எதை எதிர்த்து ஓட்டுவது? அந்தத் துறையின் ஸ்டேஜிங் சர்வர் எட்டு மாதமாகப் படுத்திருந்தது. கேட்டால் "மெயில் போடுங்கள்". போட்டோம். கடைசியில் அவர்கள் கொடுத்த பிடிஎஃப்-ஐப் பார்த்து அவர்கள் சர்வர் மாதிரியே பதில் சொல்லும் ஒரு போலி சர்வரை, மாக் சர்வரை, நாங்களே எழுதினோம். அந்த மாக் என்றைக்கும் 'ஆக்டிவ்' என்றுதான் சொல்லும், ஏனென்றால் அதை எழுதியவன் நான்.

---

ஃபைல்_மூவ்மென்ட்

ஒரு துறையின் கணினிப் பிரிவில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். தனிப்பட்ட கருத்து, அலுவலகத்தின் கருத்து இல்லை.

டெஸ்டர் தம்பி, சான்றிதழ் எதற்கு என்று கேட்டீர்கள். டேட்டா சென்டரில் இடம் வாங்க. அப்புறம், நாளைக்கு கணக்குத் தணிக்கையில் ஆட்சேபம் (ஆடிட் பாரா) வந்தால் ஃபைலில் காட்ட. எரிச்சலோடு சொல்லவில்லை. ஒரு அதிகாரி புது சிஸ்டத்தைத் திறந்துவிடக் கையெழுத்துப் போடும்போது, விஷயம் தெரிந்த மூன்றாம் ஆள் ஒருவர் பார்த்தார் என்று ஒரு காகிதம் வேண்டும். இல்லையென்றால் எவரும் கையெழுத்தே போட மாட்டார்கள்.

கோளாறு டெண்டரிலேயே ஆரம்பிக்கிறது. சோதனையும் சான்றும் கோ-லைவுக்கு முந்தின ஒரு மைல்கல், அதற்கு இத்தனை சதவீதம் பணம். மைல்கல்லைத் தாண்டிவிட்டால் திரும்பிப் பார்க்கத் தலைப்பும் இல்லை, நிதி ஒதுக்கீடும் இல்லை. பராமரிப்புக் காலத்தில் 'மாற்றம் நடந்தால் மறு தணிக்கை' என்று எழுதியிருப்போம். யார் மாற்றினால் என்று எழுதியிருக்க மாட்டோம். உங்கள் கதையில் மாற்றியவர் இன்னொரு துறை. அவருக்கு உங்கள் ஒப்பந்தத்தோடு எந்த உறவும் கிடையாது.

இரண்டு துறைக்கு நடுவில் அபராதம் என்ற பேச்சே இல்லை. கடிதம், நினைவூட்டுக் கடிதம், நேர்முக நினைவூட்டுக் கடிதம். அந்த ஸ்டேஜிங் சர்வர் எழுந்திருக்காததற்குக் காரணமும் ரொம்பச் சாதாரணம். அதை வைத்திருக்க வேண்டும் என்று அவர்களுடைய டெண்டரில் எவரும் கேட்கவில்லை, அதனால் வெண்டர் வைக்கவில்லை.

---

கவுன்டர்_3

நான் டெஸ்டர் எல்லாம் இல்லை, ஒரு சேவை மையத்தில் ஆபரேட்டர். தம்பிதான் இந்த இழையை அனுப்பினான்.

உங்கள் சான்றிதழ் எனக்குத் தெரியாது. என் திரையில் தெரிவதைச் சொல்கிறேன். ஒரு பாட்டி வருமானச் சான்றுக்கு வருகிறார். விவரம் எல்லாம் ஏற்றி 60 ரூபாய் கட்டினேன். வட்டம் சுற்றியது, சுற்றியது, கடைசியில் 'ஏதோ தவறு நேர்ந்தது, பின்னர் முயலவும்'. வாலட்டில் பணம் போய்விட்டது, விண்ணப்ப எண் வரவில்லை. திரும்பப் போட்டால் இன்னொரு 60 போகுமா என்று தெரியாது. போடாவிட்டால் பாட்டி நாளைக்கு மறுபடி பஸ் ஏறி வர வேண்டும். இரண்டில் எதைச் செய்வது என்று அந்தத் திரை எனக்குச் சொல்லவில்லை. நான் பாட்டியிடம் "சர்வர் இல்ல பாட்டி" என்றேன். எல்லாரும் சொல்வதுதான். எந்த சர்வர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

---

கோவை_டெஸ்டர்

அக்கா, நீங்கள் சொன்னதை ஒரு டெஸ்ட் கேஸாக அப்படியே எழுதிக்கொள்கிறேன். பணம் போனதற்கும் எண் வருவதற்கும் நடுவில் லேன் ஒயரைப் பிடுங்குவது. எங்கள் 140 கேஸில் இது இல்லை.

---

மேரிலாந்து_மணி

ஒயர் பிடுங்கும் கேஸ் அமெரிக்காவிலேயே இல்லாமல்தான் இருந்தது. மருத்துவக் காப்பீட்டில் மக்கள் சேர அமெரிக்க அரசு திறந்த தளமான ஹெல்த்கேர்.காவ் கதை இங்கே பலருக்குத் தலைப்பு மட்டும் தெரிந்திருக்கும். நான் இங்கே ஹெல்த் ஐடியில் இருப்பதால் விசாரணை ஆவணங்களைப் படித்திருக்கிறேன்.

2013 அக்டோபர் 1 அன்று திறந்தார்கள். முதல் நாள் முடிவில் காப்பீட்டில் சேர்ந்து முடித்தவர்கள் 6 பேர். ஆறாயிரம் இல்லை, ஆறு. ஒரே நேரத்தில் 50,000 முதல் 60,000 பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள், வந்தவர்கள் சுமார் 2,50,000. கூட்டம்தான் காரணம் என்று முதலில் சொன்னார்கள். அது பாதி உண்மைதான்.

அமைப்பு நம்மூர் போர்ட்டல் மாதிரியேதான். நடுவில் ஒரு டேட்டா ஹப். வருமானத்தை வரித்துறையிடம் கேட்கும், சமூகப் பாதுகாப்பு எண்ணை அதற்கான நிர்வாகத்திடம் கேட்கும், குடியுரிமையை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் கேட்கும். ஒவ்வொரு துண்டையும் வேறு வேறு ஒப்பந்ததாரர் செய்தார். அக்டோபர் 24 அன்று நாடாளுமன்றக் குழு முன்னால் வந்து உட்கார்ந்தபோது, எங்கள் துண்டு சரியாக இருந்தது என்பதுதான் ஆளுக்கு ஆள் சொன்ன பதில். எல்லாத் துண்டையும் ஒன்றாகக் கோத்து முழுச் சோதனை நடந்தது திறப்பதற்கு முந்தின இரண்டு வாரத்தில். எவ்வளவு நாள் வேண்டியிருக்கும் என்று கேட்டதற்கு மாதக்கணக்கில் என்றார்கள்.

இடித்த இடம் எது தெரியுமா? கணக்குத் திறக்கும் சேவை. விலையைப் பார்ப்பதற்கு முன்பே எல்லாரும் கணக்குத் திறக்க வேண்டும் என்று கடைசி நேரத்தில் முடிவு செய்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள்கூட அந்த ஒரு வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டியதாகிவிட்டது.

இனி சான்றிதழ் விஷயம். அங்கே அதற்குப் பெயர் 'இயக்க அனுமதி'. செப்டம்பர் 27 அன்று மெடிகேர் நிர்வாகத்தின் தலைவர் மேரிலின் டாவனர் அதில் கையெழுத்திட்டார். பாதுகாப்புச் சோதனை முழுதாக முடியவில்லை, அதில் அதிக ஆபத்து இருக்கிறது என்று அந்தக் குறிப்பிலேயே எழுதியிருந்தது. ஆபத்தைக் குறைக்கும் திட்டத்தோடு ஆறு மாதத்துக்கு அனுமதி. ஃபைல்_மூவ்மென்ட் ஐயா சொன்ன காகிதம் இதுதான். ஒரே வித்தியாசம், அந்தக் காகிதம் பொய் சொல்லவில்லை.

இன்னொன்று. அக்டோபர் 27 அன்று ஹப் இருந்த டேட்டா சென்டரில் நெட்வொர்க் அறுந்தது. அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த மாநிலங்களின் சொந்தத் தளங்களும் சேர்ந்து முடங்கின, அவையும் அதே ஹப்பிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

---

நாலு_ஒன்பது

மணி அண்ணன் சொன்ன கடைசிப் பத்திக்கு ஒரு கணக்கு. டெஸ்டர் நண்பருடைய போர்ட்டலும் ஆறு வெளிச் சேவையும் சேர்த்து ஏழு. ஒவ்வொன்றும் 99.5 சதவீதம் இருப்பில் இருக்கும் என்று வையுங்கள், டெண்டரில் எல்லாரும் கேட்கிற எண்தான். ஏழையும் பெருக்கினால் 96.55. முப்பது நாள் மாதத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் விண்ணப்பம் முடியாது. ஏழு வெண்டரும் தங்கள் எஸ்எல்ஏ (ஒப்பந்தத்தில் சொன்ன சேவைத் தரம்) ரிப்போர்ட்டில் பச்சை நிறம் காட்டி முழுப் பணம் வாங்கிப் போவார்கள்.

---

தணிக்கைத்_தம்பி

பெருக்கல் சரி, ஆனால் ஏழும் தனித்தனியாக விழும் என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. நிஜத்தில் இரண்டு மூன்று ஒரே டேட்டா சென்டரில் இருக்கும், ஒரே எஸ்எம்எஸ் வழியை நம்பியிருக்கும். விழுந்தால் சேர்ந்து விழும். மொத்த நேரம் உங்கள் கணக்கைவிடக் குறையலாம். ஆனால் அது விழுவது திங்கள் காலை பதினொன்றுக்கு, எல்லா கவுன்டரிலும் கூட்டம் நிற்கும்போது.

---

நாலு_ஒன்பது

ஒத்துக்கொள்கிறேன். திங்கள் பதினொன்று மணி, நேரில் பார்த்திருக்கிறேன்.

---

பழைய_எழுத்துரு

எல்லாரும் சர்வர், சர்வர் என்கிறீர்கள். எல்லா சர்வரும் எழுந்து நின்றாலும் தமிழில் ஒரு தனித் தலைவலி இருக்கிறது.

'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். 'க' போட்டு 'ொ' என்ற ஒரே குறி. அல்லது 'க' போட்டு 'ெ', அதன்பின் 'ா' என்று இரண்டு குறி. கண்ணுக்கு ஒன்றுதான். யூனிகோடு விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் எழுத்தை நேராக்கி ஒரே வடிவுக்குக் கொண்டுவராமல் ஒப்பிட்டால் கணினிக்கு இரண்டும் வேறு. தமிழ்நாடு அரசு 2010இல்தான் யூனிகோடையும், தமிழுக்கான இன்னொரு குறியீட்டு முறையான டேஸ்-16ஐயும் தரமாக அறிவித்தது. அதற்கு முந்தின தரவெல்லாம் ஆளுக்கொரு எழுத்துருவில் கிடந்தது. மாற்றி மாற்றி ஏற்றியதில் பல இடத்தில் உடைந்த 'கொ'தான் உள்ளே இருக்கிறது. கொளஞ்சி என்ற பெயர் ஒரு சேவையில் ஒட்டிய 'கொ', இன்னொன்றில் உடைந்த 'கொ'. பெயர் பொருந்தவில்லை. அதையே கையொப்பமிட்ட ஆவணத்தில் நடுவில் எவராவது 'சரிசெய்து' அனுப்பினால் ஹாஷ் மாறி, கையொப்பமும் செல்லாது.

அப்புறம் இனிஷியல். கு. முருகேசன், முருகேசன் கு, முருகேசன் குப்புசாமி. மூன்றும் ஒரே ஆள் என்று என் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தெரியும். ஏபிஐக்கு முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வேண்டும். நான் பார்த்த டெஸ்ட் டேட்டாவில் எல்லாம் 'ரமேஷ் குமார்', பிறந்த நாள் 01-01-1990. பிறந்த வருடம் மட்டும் பதிவான பெரியவர்கள் ஒருவர்கூட அதில் இல்லை. உதவித்தொகைக்கு வருகிறவர்கள் அவர்கள்தானே?

---

கவுன்டர்_3

இனிஷியலுக்கு நான் தினமும் நாலு பேரைத் திருப்பி அனுப்புகிறேன். தப்பு அவர்கள் பெயரில் என்றே நினைத்திருந்தேன்.

---

நச்சுன்னு_நாலு_வரி

சரி, முதலில் அவசரப்பட்டுப் பேசிவிட்டேன். ஆனால் சோதனைக்கும் தரச் சான்றுக்கும் எஸ்.டி.கியூ.சி. என்று மத்திய அரசிலேயே ஓர் அமைப்பு இருக்கிறதே? அவர்கள் பார்த்தால் இதெல்லாம் வராதா?

---

தணிக்கைத்_தம்பி

பாதி வரும். மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் இருப்பவர்கள். எங்களைப் போல ஓட்டை மட்டும் பார்ப்பதில்லை. செயல்பாடு, வேகம், பயன்படுத்தும் எளிமை எல்லாம் சோதிப்பார்கள். அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகளின் மூன்றாம் பதிப்பு 2023இல் வந்தது, தளங்களுக்குத் தரச் சான்று தருவது அதை வைத்துத்தான். ஆதாருக்கான கைரேகை, கருவிழிக் கருவிகளுக்குச் சான்று தருவதும் அவர்களே.

ஆனால் நீங்கள் எதைக் கொண்டுபோய் மேஜையில் வைக்கிறீர்களோ அதைத்தான் சோதிக்க முடியும். கருவிக்கு ஒரு சான்று, போர்ட்டலுக்கு ஒரு சான்று, அந்தப் பக்கச் சேவைக்கு ஒரு சான்று. மூன்றையும் கட்டியிருக்கிற கயிற்றை எவரும் மேஜையில் வைப்பதில்லை. அது எவருடைய சொத்தும் இல்லையே.

ஒரு சின்ன உதாரணம், கடிகாரம். ஆதார் சரிபார்ப்பு ஏபிஐயில் 561 என்று பிழை வந்தால் கோரிக்கையின் நேரம் கடந்துவிட்டது, 562 என்றால் கோரிக்கையில் இருக்கும் நேரம் சர்வர் நேரத்தைத் தாண்டி எதிர்காலத்தில் இருக்கிறது. நான் போன ஒரு இடத்தில் காலையில் முதல் ஒரு மணி நேரம் மட்டும் எல்லாக் கைரேகையும் தோற்றது. கருவியை மாற்றினார்கள், விரலைத் துடைத்தார்கள், ஒரு தாத்தாவுக்குத் தேங்காய் எண்ணெய்கூடத் தடவினார்கள். கடைசியில் பார்த்தால் மதர்போர்டில் இருக்கும் ரூபாய்க் காசு அளவு பேட்டரி தீர்ந்து, இரவு அணைத்த கணினி காலையில் தப்பான நேரத்தோடு எழுந்திருக்கிறது. நேரம் தானாகச் சரியாகும்வரை தகராறு. கருவியும் சரி, போர்ட்டலும் சரி, சர்வரும் சரி. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 உத்தரவில் எல்லாக் கடிகாரத்தையும் தேசியத் தகவலியல் மையமான என்.ஐ.சி. அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துப்போக வைக்கச் சொன்னதைப் பலர் வெட்டி வேலை என்றார்கள். நடந்ததை எல்லாம் பதிந்து வைக்கும் லாக் கோப்புகளை 180 நாள் வைக்கச் சொன்னதும் அதே உத்தரவுதான். இரண்டு சேவையின் லாகைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

---

மேரிலாந்து_மணி

கயிறு எவருடைய சொத்தும் இல்லை என்பதற்கு எஸ்டோனியாக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 2001இலிருந்து எக்ஸ்-ரோடு என்று நடத்துகிறார்கள். ஒவ்வொரு துறையும் தன் வாசலில் ஒரு பாதுகாப்புச் சர்வர் வைக்க வேண்டும். போகும் ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பமும் நேர முத்திரையும் இருக்கும், இரண்டு பக்கமும் பதிவாகும். நேற்று 'ஆக்டிவ்' அனுப்பினாயா, 'ஏ' அனுப்பினாயா என்று சண்டையே வராது. டெஸ்டிங் தானாக நடந்துவிடாது, யார் மாற்றினார் என்பதாவது தெரியும்.

---

ஃபைல்_மூவ்மென்ட்

சின்ன நாடு, சாத்தியம். நம் ஊரில் அதுவரை காத்திருக்க முடியாது. அடுத்த டெண்டர் வரைவு இப்போது என் மேஜையில் இருக்கிறது, எதைச் சேர்க்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். சேவை தருகிற துறை ஸ்டேஜிங்கை உயிரோடு வைத்திருக்க வேண்டும், அது பணம் தருவதற்கான நிபந்தனையாகவே இருக்க வேண்டும். பதிலின் வடிவம் மாறினால் முப்பது நாள் முன்னறிவிப்பு, அதுவரை பழைய பதிப்பும் ஓட வேண்டும். இன்னும்?

---

கோவை_டெஸ்டர்

சார், ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சேவையைப் பயன்படுத்துகிறவர் தனக்கு வேண்டிய எதிர்பார்ப்புகளைச் சின்னச் சின்ன டெஸ்டாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். சேவை தருகிறவர் ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் முன்னால் அவற்றைத் தன் பக்கத்திலேயே ஓட்ட வேண்டும். எங்கள் எதிர்பார்ப்பு ஒரே வரி: நிலை என்ற இடத்தில் இந்த மூன்று வார்த்தையில் ஒன்றுதான் வரும். அந்த ஒரு வரி அவர்களிடம் இருந்திருந்தால் அன்றிரவே அவர்கள் பில்டு சோதனையில் தோற்றுச் சிவப்பாகியிருக்கும். ஹாஷ் போட்ட சான்றிதழுக்குப் பின்னிணைப்பாக இந்த டெஸ்ட் தொகுப்பையும் வைக்கலாம். தொகுப்பில் ஒன்று தோற்றால் சான்றிதழ் தற்காலிகமாக நிறுத்தம்.

---

ஃபைல்_மூவ்மென்ட்

'நிறுத்தம்' என்று எழுதினால் வரைவு என் மேஜையைத் தாண்டாது. 'மறு ஆய்வுக்கு உட்படும்' என்று எழுதுகிறேன். அர்த்தம் ஒன்றுதான்.

---

கோவை_டெஸ்டர்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஒயர் பிடுங்கும் கேஸை ஆபீஸில் ஓட்டினோம். பதினொரு இடத்தில் பிடுங்கிப் பார்த்தோம், நாலு இடத்தில் பணம் போய் எண் வரவில்லை. அதில் இரண்டில் மறுபடி அழுத்தினால் இரண்டாம் முறையும் பணம் போகிறது. காரணம் அல்பமானது. கேட்வே 60 விநாடி வரை காத்திருக்கிறது, எங்கள் போர்ட்டல் 30லேயே கைவிட்டுவிடுகிறது. இப்போது ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து, அதே எண் திரும்ப வந்தால் பணம் எடுக்காமல் பழைய ரசீதையே காட்டுகிறோம். முடியாத விண்ணப்பங்களைக் கால் மணிக்கு ஒருமுறை கேட்வேயோடு ஒத்துப்பார்க்க ஒரு ஜாபும் போட்டாயிற்று. உடைந்த 'கொ'வுக்கு நாற்பது பெயர் கொண்ட பட்டியலை பழைய_எழுத்துரு ஐயா அனுப்பியிருக்கிறார், நன்றி.

கோடு மாறியதால் ஹாஷும் மாறிவிட்டது. மறு தணிக்கைக்கு விலை கேட்டிருக்கிறோம்.

அக்கா, பொதுவான பிழைச் செய்திக்குப் பதிலாக எந்தச் சேவை பதில் தரவில்லை, பணம் எடுத்தாயிற்றா இல்லையா, திரும்ப அழுத்தலாமா என்று மூன்று வரி காட்டுகிறோம். உங்களுக்குச் சரிப்படுமா?

---

கவுன்டர்_3

மூன்றாவது வரி போதும் தம்பி. அதை மேலே பெரிய எழுத்தில் போடுங்கள். திரையைப் பாட்டி பக்கமாகத் திருப்பிக் காட்டிவிடுகிறேன்.